மறதிக்கு வல்லாரை வாங்குமுன்...

"சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள மறந்துபோச்சு பாருங்க!"

நம் வீடுகளில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் விழுகிற வசனம் இது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவது, கேஸை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்வது, பழகிய முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயருக்குத் தடுமாறுவது... இப்படி யாராவது அங்கலாய்த்தால் நாம் இரண்டில் ஒன்று செய்கிறோம். சிரிக்கிறோம். அல்லது, "வல்லாரை சாப்பிடுங்க, சரியாயிடும்" என்கிறோம்.

இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. "எனக்கு மறதி வந்துவிட்டது, முன்னே மாதிரி யோசிக்க முடியவில்லை" என்று ஒருவர் தானாகவே சொன்னால், அது பல சமயம் உடம்பு எழுதிப் போடுகிற புகார் மனு. முகவரி மட்டும் மூளை என்று எழுதியிருக்கும். மனுவைப் பிரித்துப் படிக்காமல் மூளைக்கு டானிக் வாங்கிக் கொடுப்பதில் என்ன பிரயோஜனம்?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏற்காட்டில், என் பெரியப்பா வீட்டில், கொஞ்சம் தாமதமாகவே தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா சேலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ரிடையர் ஆனதும், "இனிமே வெயில்ல வேக மாட்டேன்" என்று ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு பார்த்துக் குடியேறிவிட்டார். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்; இருபது கொண்டை ஊசி வளைவுகள்; மேலே போனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அடியில் காபிச் செடி. நல்ல காற்று, நல்ல தண்ணீர். இதற்கு மேல் ஆரோக்கியத்துக்கு என்ன வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

2022-ம் வருஷம் அவருக்கு எழுபத்திரண்டு வயது. போனபோதெல்லாம் ஒரே புலம்பல். "டேய், மூளை மழுங்கிப் போச்சுடா. பேப்பர்ல ஒரு பத்தி படிச்சா மேல என்ன படிச்சேன்னு தெரியல. ரேஷன் கார்டை எங்க வெச்சேன்னு ரெண்டு நாள் தேடறேன். பதினேழாம் வாய்ப்பாடு நடுவுல நின்னு போகுது!" கணக்கு வாத்தியாருக்கு வாய்ப்பாடு நின்றுபோவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

மனுஷர் அதோடு விடவில்லை. ஒரு டயரி போட்டு, அன்றன்றைக்கு மறந்ததையெல்லாம் தேதி போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "மறந்ததை ஞாபகமா எழுதறாரு பாரு, இவருக்கா மறதி!" என்று கேலி பேசினோம். பெரியம்மாதான் ஜாஸ்தி கேலி செய்தார். உள்ளூரில் ஒருவர் வல்லாரைப் பொடி கொடுத்தார். இன்னொருவர் ஏதோ லேகியம் கொடுத்தார். ஒரு டாக்டர், "வயசானா அப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று.

கடைசியில் சேலத்தில் இன்னொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா டயரியை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பிறகு மூளையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை! "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க? குறட்டை உண்டா? சாப்பாடு எப்படி? காது நல்லா கேக்குதா? காபி எத்தனை?" இப்படியே போயிற்று. கடைசியாக, "வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு அடுத்த தடவை கொண்டு வாங்க. டாக்டர் எழுதினது, கடைக்காரர் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது... ஒண்ணு விடாம."

அந்தப் பை இருக்கிறதே, அதுதான் விஷயம்.

முதலில் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின். பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறார். நல்ல மாத்திரைதான், உலகமெல்லாம் கொடுக்கிற மாத்திரை. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடும்போது, உணவிலிருந்து பி12 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்வதை அது குறைத்துவிடக்கூடும். பெரியப்பா சுத்த சைவம். பி12 தாவர உணவில் கிடையாது என்றே சொல்லலாம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. அவரோ சளி பிடிக்கும் என்று மலைக்கு வந்த நாளிலிருந்து தயிரைத் தொடுவதில்லை. பால் என்பது காபியில் விழுகிற அளவுதான். பி12 குறைந்தால் நரம்பும் தளரும், ரத்தமும் குறையும், ஞாபகமும் மங்கும், மனசும் சோர்ந்துபோகும். டெஸ்ட் எடுத்ததில் அவருக்கு நன்றாகவே குறைந்திருந்தது.

இரண்டாவது, மலைப்பாதைக்காகப் போடுகிற வாந்தி மாத்திரை. இருபது வளைவும் இறங்குவதற்குள் குடலைப் புரட்டும் என்பதால் ஒன்று போட்டுக்கொள்வார். ஏறும்போது இன்னொன்று. நாளடைவில், போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று, சேலம் போகாத நாட்களிலும் ராத்திரி ஒன்று! அதோடு குளிர்காலம் முழுக்க ஜலதோஷ மாத்திரை. இந்த இரண்டு வகையிலுமே தூக்கத்தைத் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. வயதானவர்களுக்கு அவை மறுநாளும் மந்தத்தை உண்டாக்கும், ஞாபகத்தைக் குழப்பும். வாலிப வயதில் போட்டுக்கொண்டு நாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்போம். எழுபது வயதில் அதே மாத்திரை வேறு கணக்கு.

மூன்றாவதாக, பையில் இல்லாத ஒன்று: காபி. ஏற்காட்டில் இருந்துகொண்டு காபி குடிக்காதே என்று சொல்வது பழநியில் பஞ்சாமிர்தம் சாப்பிடாதே என்பதுபோல. 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்ட செடி. இருநூறு வருஷமாக அந்த மலையே அதில்தான் பிழைக்கிறது. பெரியப்பாவுக்கு நாளைக்கு ஆறு டம்ளர். கடைசி டம்ளர் ராத்திரி ஏழு மணிக்கு. காபியில் உள்ள கஃபீன் பாதி அளவாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல் ஆகும். தூங்கவிடாத காபி ஒரு பக்கம், தூங்க வைக்கிற மாத்திரை இன்னொரு பக்கம். நடுவில் கட்டுப்படாத சர்க்கரையினால் நாலு தடவை எழுந்து பாத்ரூம். மறுநாள் வாய்ப்பாடு எப்படி வரும்?

காது வேறு. இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. காதில் சரியாக விழாததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? "நேத்துத்தானே சொன்னேன், மறந்துட்டீங்களா?" என்று பெரியம்மா சண்டை போட்டாரே, அதில் பாதி, அவர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அவருக்கு பி12 ஊசி போட்டார்கள். தேவையில்லாத மாத்திரைகளை டாக்டர் படிப்படியாக நிறுத்தினார். (இதைப் படித்துவிட்டு நீங்களாகவே எதையும் நிறுத்தாதீர்கள். முக்கியமாகத் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.) காபி இரண்டு டம்ளர், அதுவும் மதியத்துக்குள். காதுக்கு மெஷின். ஆறேழு மாதத்தில் மனுஷர் பழையபடி சுடோகு போட ஆரம்பித்தார். முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. பெயர்கள் இன்னமும் தடுமாறுகின்றன. எழுபத்திரண்டு, இருபத்திரண்டு ஆகிவிடாது. ஆனால் அந்தப் பயம் போய்விட்டது. பயம் போனதே பாதி ஞாபகத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். தனக்கு மறதி என்று சொல்கிறவர்களைச் சோதித்தால் பி12 குறைவு, தைராய்டு குறைவு, ரத்தசோகை, கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மதுப் பழக்கம், மனச்சோர்வு, ஓயாத கவலை என்று ஏதாவது ஒன்று அடிக்கடி அகப்படுகிறது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்தால்கூடக் குழப்பம் வரும். சிலவகை பி.பி. மாத்திரைகளே அதைக் குறைக்கும். கோவிட் வந்து போனபின் மாதக்கணக்கில் "மூளைக்குள்ள பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அமெரிக்காவில் ஒரு விஷயம் செய்கிறார்கள். வருஷாவருஷம் லட்சக்கணக்கான பேருக்கு டெலிபோன் போட்டு, "ஞாபகம் வைத்துக்கொள்ள, கவனம் செலுத்த, முடிவெடுக்க ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். 2013 முதல் 2023 வரையிலான பதில்களை அலசி 2025-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களை விலக்கிவிட்டுப் பார்த்தபோதே, "ஆமாம்" என்றவர்கள் நூற்றுக்கு 5.3-லிருந்து 7.4 ஆகியிருந்தார்கள். இதில் வேடிக்கை, 70 வயதைத் தாண்டியவர்களிடம் அது கூடவில்லை. 18-லிருந்து 39 வயது வரை உள்ளவர்களிடம்தான் 5.1-லிருந்து 9.7 ஆக, ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது! வருமானம் குறைந்தவர்களில் 12.6 பேர், வசதியானவர்களில் 3.9 பேர்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்களும் அதிகமாக "ஆமாம்" என்றிருக்கிறார்கள்.

வெறும் வயதுதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறதே? பணத்துக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் என்னவென்று பெரியப்பா வீட்டுத் திண்ணையிலேயே எனக்குத் தெரிந்தது. எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கப் போகிற ஒரு பெண்மணி, வேலை இல்லாத நாட்களில் அங்கே பாத்திரம் தேய்க்க வருவார். நாற்பது வயதுகூட இருக்காது. பெரியப்பாவின் மறதிப் புராணத்தைக் கேட்டுவிட்டு ஒரு நாள் அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குந்தாங்க தல ஓட மாட்டேங்குது. கடைக்குப் போய் எதுக்கு வந்தோம்னு நிக்கறேன். பழம் எடை போடறப்ப கணக்கு தப்பிப் போகுது. கூலி போயிடுது."

கூலி போயிடுது! பெரியப்பாவுக்கு வாய்ப்பாடு போனால் மானம் போயிற்று. இவருக்குச் சோறு போகிறது.

அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்க டாக்டர் படிப்பு தேவையில்லை, அப்படி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி அனுப்பினோம், ரத்தசோகைதான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இவர்களில் எத்தனை பேர் "எனக்கு ஞாபகம் பத்தல, மந்தபுத்தி" என்று தங்களையே திட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார்களோ. பெரியப்பாவுக்காவது டயரி எழுத நேரம் இருந்தது. சிரிப்பதற்காவது நாங்கள் நாலு பேர் இருந்தோம்.

சரி, அப்படியானால் மறதி என்றால் பயப்படவே வேண்டாமா? எல்லாம் ரத்தசோகை, எல்லாம் பி12 என்று ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாமா?

இருக்கக்கூடாது. தானாக மறதியை உணர்கிற முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வருஷத்துக்கு நூற்றில் இரண்டு பேருக்குச் சற்று மேல் டிமென்ஷியா என்கிற நினைவிழப்பு நோய்க்குப் போகிறார்கள். அந்தக் குறை சொல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவர். அதாவது இரு மடங்கு. ஆனால் மீதி 97 பேர் அந்த வருஷம் அங்கே போகவில்லை என்பதும் அதே கணக்குத்தான். ஆகவே, அலட்சியமும் கூடாது, அலறவும் கூடாது. இதைத்தான் நான் டாக்டர் இல்லாவிட்டாலும் தைரியமாகச் சொல்வேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நாங்கள் தவறவிட்டது வேறொன்று.

பெரியம்மா.

பெரியப்பாவின் டயரியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தவர். "எனக்கெல்லாம் ஒரு மண்ணும் இல்லே, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொன்னவர். நாங்களும் நம்பினோம். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டால், "குளிருக்கு நாக்கு மரத்துப் போச்சு" என்றோம். "எப்ப வந்தே?" என்று ஒரே காலையில் மூன்று தடவை கேட்டால், பாசம் என்றோம். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்தபோது, பெரியப்பாதான் மறந்து கொடுத்திருப்பார் என்று அவர் தலையில் கட்டினோம்! அவரும், தன்மேல்தான் தப்பு என்று அதை டயரியில் எழுதி வைத்திருந்தார். பாவம்.

2024 மே மாதம். கோடை விழா நேரம், ஏரிப் பக்கம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தினமும் போய் வருகிற கடைக்குப் போன பெரியம்மா, இரண்டு மணி நேரம் ஆகியும் திரும்பவில்லை. தேடிப் போனால், ஏரி ரோட்டிலேயே, வீட்டுக்கு எதிர்த் திசையில், பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நம்ம வீடு எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் தெரியலடா" என்றார். அதற்குப் பிறகு நடந்த சோதனைகளில் அவருக்கு அல்ஸைமர் நோய் ஆரம்பித்து வெகு நாளாகிறது என்றார்கள்.

மறதி என்று தானே சொன்னவருக்குப் பெரிய நோய் இல்லை. இல்லவே இல்லை என்று சாதித்தவருக்கு இருந்தது. மூளை நோய் முற்றும்போது, தான் மறக்கிறோம் என்கிற உணர்வே பலருக்கு மறந்துபோகிறது என்று பிறகு டாக்டர் விளக்கினார். அப்போது கூட இருப்பவர்கள்தான் கவனித்தாக வேண்டும். நாமோ கவனிப்பதில்லை. வளரும் நாடுகளில் நடந்த '10/66' என்ற பெரிய ஆய்வில் நம் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் இருந்தன. 2008-ல் வெளிவந்த அதன் முடிவுகளில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. வளர்ச்சி குறைந்த இடங்களில், பெரியவர்களின் நினைவு மங்குவதையும் அவர்கள் தடுமாறுவதையும் உறவினர்கள் அவ்வளவாகச் சொல்வதே இல்லையாம். அன்பில்லாமல் அல்ல. கூட்டுக் குடும்பத்தில் மருமகள் உலை வைப்பாள், பேரன் கைபிடித்துக் கூட்டிப் போவான். குறை வெளியே தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் பெரியப்பாவின் டயரி அதை மறைத்துவிட்டது!

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பெண்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். மலைக் காற்றுக்கு இதில் சலுகை எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இங்கேயும் உடம்புக் கணக்கு வருகிறது, பாருங்கள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழ் கூட்டிய நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்குக் காரணமாகும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய பதினான்கு விஷயங்களைப் பட்டியல் போட்டது. அவை அத்தனையையும் சரி செய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீதம் டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? காது கேளாமை, கெட்ட கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன், புகை, மது, கண் பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை... எல்லாம் நமக்குத் தெரிந்த ஆசாமிகள்தான்! நாற்பது, ஐம்பது வயதில் "ஞாபகம் குறையுது" என்று ஒருவர் முனகும்போதே இவற்றைத் தேடிப் பிடித்தால், அன்றைய மறதியும் குறையும், இருபது வருஷம் கழித்து வரப்போகிறதுக்கும் ஒரு அணை போட்ட மாதிரி ஆகும்.

தனிமை என்று சொன்னேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் வீடு வாங்க ஆசைப்படுகிற நடுத்தரக் குடும்பத்தார் இப்போது நிறைய. ஏற்காட்டில் பெரியப்பா வீட்டைச் சுற்றி இருக்கிற பங்களாக்களில் பாதி, வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கின்றன. மழைக்காலத்தில் மத்தியானமே பனி இறங்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பெரியவர்கள், ஒரு டி.வி. பேச ஆள் இல்லை, கேட்க ஆள் இல்லை, திருத்தவும் ஆள் இல்லை. குளிருக்குத் தாகம் எடுக்காததால் தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. சீசனில் இரண்டு நாள் வந்து போகிற நமக்கு அது சொர்க்கம். அங்கேயே மூப்படைகிறவர்களுக்கு டாக்டரும், பேச்சுத் துணையும் எத்தனை வளைவு தள்ளி இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு வீடு பாருங்கள்.

வல்லாரைக்கு வருகிறேன். அதன்மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. துவையல் அரைத்தால் இரண்டு கவளம் கூட இறங்கும். ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மறதியைப் போக்குகிறது என்று அடித்துச் சொல்லும்படியான சான்று இன்னும் கிடைக்கவில்லை. கீரையாகச் சாப்பிடுவது வேறு. அதை நம்பி ஒரு வருஷம் டாக்டரிடம் போகாமல் இருப்பது வேறு. பெரியப்பா இழந்தது அந்த ஒரு வருஷம்.

மறதி என்று தோன்றினால் ஹீமோகுளோபின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, பி12, சோடியம், பி.பி. இவற்றைப் பார்க்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள். காதையும் கண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பையை மறக்காமல் கொண்டு போங்கள். மனசு சரியில்லை, தூக்கம் இல்லை என்றால் அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது ஒரு ரகம். சாவி எதற்கு என்றே விழிப்பது, பழகிய தெருவில் வழி தப்புவது, பணம் எண்ணத் தடுமாறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, நாற்பது வருஷம் வைத்த சாம்பாருக்கு முதலில் என்ன போடுவது என்று நிற்பது... இதெல்லாம் வேறு ரகம். இதற்கு நாள் கடத்தாமல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். திடீரென்று ஒரே நாளில் குழம்பிப் போனாலோ, வாய் குழறினாலோ அப்போதே ஆஸ்பத்திரி.

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். மலை கிராமத்துக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. அப்படி வருகிற சகோதரிகள் பி.பி. பார்க்கிற நேரத்திலேயே இரண்டு கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்ளக்கூடாதா? வீட்டில் உள்ளவரிடம், "உங்களுக்கு ஞாபகம் முன்னே மாதிரி இருக்கா?" கூட இருப்பவரிடம், "இவங்களுக்கு எப்படி இருக்கு?" இரண்டு பேரையும் கேட்க வேண்டும். ஒருவரை மட்டும் கேட்டால் எங்கள் வீட்டில் ஆனதுதான் ஆகும். சோதனைக்கு ஆகிற செலவைவிட, இந்தக் கேள்விகளுக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை.

போன மாதம் ஏற்காடு போயிருந்தேன். பெரியப்பா டயரி எழுதுவதை விடவில்லை. பெரியம்மா எப்போது மாத்திரை சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்தப் பாட்டை முழுக்கப் பாடினார் என்று தேதி போட்டு எழுதுகிறார். டாக்டரிடம் போகும்போது அதைத்தான் முதலில் நீட்டுகிறாராம். பாத்திரம் தேய்க்க வருகிற பெண்மணிக்கு இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பதும் அதே டயரியில், கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.